அந்தச் சளி என்கிட்டயிருந்து போச்சா?

குழந்தைகளிடம் சாவைப் பற்றி மறைக்காமல் பேச வேண்டும் என்பதை இப்போது கிட்டத்தட்ட எல்லாருமே ஒத்துக்கொள்கிறார்கள். நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது இதெல்லாம் கிடையாது, அதனால் எனக்கு இதில் சந்தோஷம்தான். ஆனால் "மறைக்காமல்" என்றால் எதுவரைக்கும் என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு அங்கேயே நின்றுவிடும். செத்துப்போனவர் திரும்ப வரமாட்டார் என்று சொல்வதற்கு இன்று பலரிடமும் ஒரு வாக்கியம் தயாராக இருக்கிறது. பெரியவர்களுக்கே விடை தெரியாத கேள்வியை ஒரு 6 வயதுக் குழந்தை நேராக முகத்தைப் பார்த்துக் கேட்டால் என்ன சொல்வது என்பதற்குத்தான் யாரிடமும் எதுவும் இல்லை. என் தங்கை மகள் என்னிடம் அப்படி ஒன்றைக் கேட்டாள். நான் ஒரு பதில் சொன்னேன். அந்தப் பதில் சரியா என்பதில் எனக்கும் தங்கைக்கும் இன்றுவரை கருத்து ஒத்துப்போகவில்லை.

எங்கள் அம்மாவுக்கு வந்தது நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாகத் தழும்பேறி இறுகிப்போகிற நோய். தங்கை வீட்டில்தான் இருந்தார். கடைசிக் காலத்தில் மூக்கில் எப்போதும் ஆக்சிஜன் குழாய், கட்டிலுக்குப் பக்கத்தில் ஓயாமல் இரைந்துகொண்டிருக்கும் மெஷின். பாப்பாவுக்கு அது பயமுறுத்தும் விஷயமாக இருக்கவே இல்லை, அவள் அதோடுதான் வளர்ந்தாள். குழாய் எங்காவது மடங்கியிருக்கிறதா என்று கட்டிலுக்கடியில் குனிந்து பார்ப்பது அவள் வேலை. விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்க்கிற கிளிப்பை முதலில் தன் விரலில் மாட்டிக்கொள்வாள், 98 காட்டும். அப்புறம் பாட்டி விரலில் மாட்டுவாள், 88 காட்டும். "பாட்டி, இன்னிக்கும் நான்தான் ஃபர்ஸ்ட்" என்பாள். அம்மா சிரிக்கப் பார்ப்பார், சிரிப்பு இருமலாக மாறிவிடும்.

பள்ளியிலிருந்து அவளுக்குச் சளி பிடித்து வந்த வாரத்தில், பாட்டி பக்கத்தில் போகாதே என்று வீட்டில் எல்லாரும் சொன்னோம். சொல்லாமல் இருக்க முடியாது. அடுத்த சில நாட்களில் அம்மாவுக்குக் காய்ச்சல், மூச்சுத் திணறல், ஆஸ்பத்திரி. அங்கிருந்து அவர் திரும்பி வரவில்லை.

தூக்கமும் இல்லை, பயணமும் இல்லை

தங்கை பாப்பாவிடம் நேராகவே சொன்னாள். "பாட்டி செத்துட்டாங்கடா. பாட்டியோட உடம்பு வேலை செய்றது நின்னுடுச்சு. இனிமே வரமாட்டாங்க." பக்கத்தில் இருந்தவர்களுக்கு அந்தச் சொல்லே முள்ளாகக் குத்தியது. குழந்தையிடம் போய் இப்படியா என்று ஒருவர் என்னைத் தனியே அழைத்துக் கேட்டார். ஆளாளுக்கு அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, பாட்டி நிம்மதியாகத் தூங்குகிறார், பாட்டி சாமிகிட்ட போயிருக்கார் என்றெல்லாம் சொன்னார்கள். அத்தனையும் அன்பில் வந்த வார்த்தைகள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சாவைத் தூக்கத்தோடு சேர்த்துப் பேசுவது நமக்கு இன்று நேற்று வந்த பழக்கமும் இல்லை, வள்ளுவரே நிலையாமை அதிகாரத்தில் அப்படித்தான் சொல்கிறார். ஆனால் அவர் பெரியவர்களிடம் பேசினார். பெரியவர்களுக்கு அது உவமை என்று தெரியும். தினமும் ராத்திரி தூங்கப் போக வேண்டிய ஒரு குழந்தைக்கு அது உவமை இல்லை, செய்தி. அதே மாதிரி "போயிருக்கார்" என்றால் எப்போது வருவார் என்று குழந்தை கேட்கத்தான் செய்யும். என்னிடம் ஏன் சொல்லிக்கொள்ளாமல் போனார் என்று கேட்காமலேயே மனதுக்குள் வைத்துக்கொள்ளவும் செய்யும்.

மரியா நாகி என்ற உளவியலாளர் புடாபெஸ்டில் 3 வயதிலிருந்து 10 வயது வரையிலான குழந்தைகளிடம் சாவைப் பற்றிப் பேசியும் எழுதச் சொல்லியும் வரையச் சொல்லியும் ஒரு ஆய்வு செய்து 1948-இல் வெளியிட்டார். 5 வயதுக்குக் கீழே இருந்த குழந்தைகளில் பலருக்குச் செத்தவர் வேறு எங்கோ இருப்பவர், கொஞ்சம் குறைவாக உயிரோடு இருப்பவர், அவ்வளவுதான். பின்னால் வந்த ஆய்வாளர்கள் இதைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தார்கள். திரும்ப வர முடியாது என்பது ஒன்று. உடம்பின் எந்த வேலையும் இனி நடக்காது என்பது ஒன்று. எல்லாருக்கும் வரும், அதற்கு உடம்பு சார்ந்த காரணம் இருக்கும் என்பவை இன்னும் இரண்டு. பெரும்பாலான குழந்தைகளுக்கு இவை 5 வயதுக்கும் 7 வயதுக்கும் நடுவில் பிடிபடத் தொடங்குகின்றன, ஆனால் எல்லாம் ஒரே நாளில் வருவதில்லை. இதைப் படித்தபோதுதான் பாப்பாவின் கேள்விகள் ஏன் அப்படித் தாறுமாறாக வந்தன என்று எனக்குப் புரிந்தது. பாட்டி வரமாட்டார் என்று காலையில் அவளே சொல்வாள். சாயங்காலம், பாட்டி வந்தா இந்தப் படத்தைக் காட்டணும் என்று எடுத்து வைப்பாள். இரண்டையும் அவள் முழு மனதோடுதான் சொன்னாள்.

அவள் கேட்டதில் முக்கால்வாசி உடம்பைப் பற்றியது. பாட்டிக்கு இப்ப இருமல் வருமா? மூக்குல குழாய் இல்லேன்னா மூச்சு முட்டாதா? பசிக்குமா? பெரியவர்கள் இந்தக் கேள்விகளில் ஆன்மா, சொர்க்கம், விதி எல்லாவற்றையும் கேட்டுவிடுகிறார்கள், அதனால் பதறுகிறார்கள். அவளுக்கு வேண்டியது இருமல் நின்றதா என்பது மட்டும்தான். "உடம்பு வேலை செய்யலடா. மூச்சு விடாது, அதனால முட்டாது. இருமல் வராது, வலிக்காது, பசிக்காது." இதைத் தங்கை ஒரே மாதிரி குரலில் எத்தனை தடவை சொல்லியிருப்பாள் என்று தெரியாது. ஒவ்வொரு தடவையும் பாப்பா கவனமாகக் கேட்டாள். இருமல் வராது என்ற இடத்தில் மட்டும், "வரவே வராதா?" என்று உறுதி செய்துகொள்வாள். ஆஸ்திரேலியாவில் வர்ஜீனியா ஸ்லாட்டர் என்ற ஆய்வாளரும் அவரோடு சேர்ந்தவரும் 4 முதல் 8 வயது வரையிலான குழந்தைகளிடம் செய்து 2007-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. சாவு என்றால் உடம்பு நின்றுபோவது என்று தெளிவாகப் புரிந்துகொண்ட குழந்தைகளிடம் சாவு பயம் குறைவாக இருந்ததாம். விவரம் சொன்னால் குழந்தை பயந்துவிடும் என்று நம்மில் பலர் உறுதியாக நம்புகிறோம். எங்கள் வீட்டில் நான் பார்த்ததும் அதற்கு எதிராகத்தான் இருந்தது.

கிளிப்

சில மாதங்கள் போயின. கேள்விகள் குறைந்தன, பாப்பா பழையபடி ஆகிவிட்டாள் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். அப்போதுதான் ஒரு நாள் தங்கை நடுராத்திரியில் விரலில் ஏதோ அழுத்த, முழித்துப் பார்த்திருக்கிறாள். இருட்டில் பாப்பா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, அந்தப் பழைய கிளிப்பை அவள் விரலில் மாட்டி, எண் வருவதற்காகக் காத்துக்கொண்டிருக்கிறாள். 97 வந்ததும் கழற்றித் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுப் படுத்துவிட்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை. தங்கையும் தூங்குவது போலவே இருந்துவிட்டு, காலையில் எனக்கு போன் செய்து அழுதாள்.

அந்த வாரம் நான் போனபோது பாப்பாவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். அவள் முகம் எனக்குத் தெரியாது, என் முகம் அவளுக்குத் தெரியாது. குழந்தைகள் பெரிய விஷயங்களை இப்படிப்பட்ட நேரத்தில்தான் எடுக்கிறார்கள் என்பது என் அனுபவம். எதிரே உட்கார வைத்து "வா, பேசலாம்" என்றால் வராது. அப்போது கேட்டாள்: "பெரியம்மா, அந்தச் சளி என்கிட்டயிருந்துதான் பாட்டிக்குப் போச்சா?"

எந்தச் சளி என்று கேட்கக்கூடத் தேவைப்படவில்லை. சீ, அப்படியெல்லாம் இல்லடா கண்ணு, யார் சொன்னா உனக்கு என்று சொல்லி அணைத்துக்கொள்ள வேண்டும் என்றுதான் உடம்பு முழுக்கத் துடித்தது. குழந்தைகளின் துக்கத்தைப் பற்றி எழுதுகிற எல்லாரும் சொல்வதும் ஏறக்குறைய அதைத்தான்: நீ செய்ததாலோ, சொன்னதாலோ, நினைத்ததாலோ இது நடக்கவில்லை என்று தெளிவாகச் சொல்லுங்கள் என்பார்கள். கோபத்தில் "செத்துப் போ" என்று நினைத்த குழந்தைக்கு, சொன்ன பேச்சு கேட்காததால்தான் அப்பா செத்துவிட்டார் என்று நம்பும் குழந்தைக்கு, அது மருந்து. ஏனென்றால் அங்கே அது உண்மை. பாப்பா கேட்டது அந்த வகையா? சளி ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் பரவும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே நாங்கள்தான். பக்கத்தில் போகாதே என்று சொன்னதும் நாங்கள்தான். அவள் கற்பனை எதுவும் செய்யவில்லை, எங்களிடம் கேட்டதையெல்லாம் வரிசையாக அடுக்கிப் பார்த்திருக்கிறாள்.

"நீ என்ன நினைக்கிற?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் எதுவும் வரவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னாள், சளி இருந்தபோது ஒரு மத்தியானம் யாரும் பார்க்காத நேரத்தில் பாட்டி கட்டிலில் போய்ப் படுத்துக்கொண்டாளாம். "பாட்டிதான் கூப்பிட்டாங்க" என்றாள். அம்மா செத்த நாளிலிருந்து அந்த மத்தியானத்தை இந்தக் குழந்தை தனியாகச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறது. ஏன்டா அம்மாகிட்ட சொல்லல என்று கேட்டேன். "அம்மா அழுவாங்க."

நான் சொன்னது இதுதான், நினைவிலிருக்கிற மட்டும் எழுதுகிறேன். "பாட்டியோட நுரையீரல் நீ பொறக்கறதுக்கு முன்னாடியே கெட ஆரம்பிச்சிடுச்சு. அது ரொம்பக் கெட்டுப்போனதாலதான் பாட்டி செத்தாங்க. கடைசியில ஒரு கிருமியும் வந்துச்சு. அது யார்கிட்டயிருந்து வந்துச்சுன்னு டாக்டருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. உன்கிட்டயிருந்து வந்திருக்கலாம், என்கிட்டயிருந்து வந்திருக்கலாம், வீட்டுக்கு வந்துபோன வேற யார்கிட்டயிருந்தும் வந்திருக்கலாம். யாருமே வேணும்னு செய்யல. சளி பிடிக்கறது யாரோட தப்பும் இல்ல. பாட்டி கூப்பிட்டு நீ போனதும் தப்பு இல்ல. பாட்டிக்கு உன்னைப் பக்கத்துல வெச்சுக்கணும்போல இருந்திருக்கு, அதான் கூப்பிட்டாங்க." அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். "உங்களுக்கும் சளி இருந்துச்சா?" என்றாள். எனக்கும் லேசாக இருந்தது, உண்மையிலேயே. ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு அழுதாள், நானும் அழுதேன், பின்னல் பாதியில் நின்றது.

தங்கை கேட்பது

தங்கையின் வாதத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. "உன்கிட்டயிருந்து வந்திருக்கலாம்" என்ற அந்த ஒரு வாக்கியம் எதற்கு என்கிறாள். டாக்டருக்கும் தெரியாது என்றால், இல்லை என்று சொல்வதில் என்ன பொய் இருக்கிறது? 6 வயதுக் குழந்தைக்கு நிகழ்தகவா சொல்லிக்கொடுப்பாய்? 16 வயதில் ஒரு ராத்திரி அவளுக்குத் தூக்கம் வராதபோது இந்த வாக்கியம்தானே ஞாபகத்துக்கு வரும்? அவள் தாய், இரவில் விரலில் கிளிப் மாட்டப்பட்டவள் அவள்தான். கேட்க அவளுக்கு உரிமை உண்டு.

நான் நினைப்பது இப்படி. கிருமி எப்படிப் பரவும் என்று பள்ளியில் பாடம் நடத்தப் போகிறார்கள். அன்று அவள் கணக்கை மறுபடி போட்டுப் பார்ப்பாள். அப்போது, பெரியவர்கள் எனக்காகப் பொய் சொல்லியிருக்கிறார்கள், அப்படியானால் அது நான்தான் என்ற முடிவுக்கு அவள் தனியாக வந்து சேர்வதைவிட, இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், இருந்தாலும் அது குற்றம் இல்லை என்று முன்பே கேட்டிருப்பது நல்லது. வெறுமனே "இல்லை" என்று சொன்னால் அதற்குள் இன்னொரு செய்தியும் ஒளிந்திருக்கிறது, ஒருவேளை நீயாக இருந்திருந்தால் அது தாங்க முடியாத விஷயம் என்று. அந்தச் செய்தியைத்தான் நான் அவளுக்குக் கொடுக்க விரும்பவில்லை.

இது எங்கள் வீட்டுக்கு மட்டும் வந்த கேள்வியும் இல்லை. 2020 மார்ச்சிலிருந்து 2021 ஏப்ரல் வரை மட்டும் உலகம் முழுவதும் 15 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் பெற்றோரையோ கூடவே இருந்து கவனித்துக்கொண்ட தாத்தா பாட்டியையோ கொரோனா காலத்து மரணங்களில் இழந்தார்கள் என்று 2021-இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு மதிப்பிட்டது. அந்தக் குழந்தைகளில் எத்தனை பேர் வீட்டில் முதலில் இருமியவர்கள்! 2020 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரெஸ்டன் நகரசபை, பாட்டியைக் கொன்றுவிடாதீர்கள் என்று இளைஞர்களைப் பார்த்து எச்சரித்தது. நோய் பரவாமல் தடுக்கத்தான் சொன்னார்கள், புரிகிறது. ஆனால் அதைக் கேட்ட பிறகும் பாட்டியைப் பறிகொடுத்த பிள்ளையிடம் அப்புறம் யார் போய்ப் பேசினார்கள்? எச்சரிக்கை சொல்ல நமக்குத் தெரிகிறது. எச்சரித்தது நடந்துவிட்ட பிறகு குழந்தையின் பக்கத்தில் போய் உட்காரத்தான் வரவில்லை.

பாப்பா சொன்ன "அம்மா அழுவாங்க" என்பதும் என்னை விடவில்லை. அமெரிக்காவில் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளோடு ஆஸ்பத்திரி வார்டில் நீண்ட நாள் இருந்து மானிடவியலாளர் மைரா புளூபாண்ட்-லாங்னர் செய்த ஆய்வு 1978-இல் வந்தது. யாரும் சொல்லாமலே அந்தக் குழந்தைகளுக்குத் தாங்கள் சாகப்போவது தெரிந்திருந்தது. தெரிந்ததைப் பெற்றோரிடம் காட்டிக்கொள்ளாமல் இருந்தார்கள், பெற்றோரும் அவர்களிடம் காட்டிக்கொள்ளவில்லை. இரண்டு பக்கமும் அடுத்தவரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. ஸ்வீடனில் புற்றுநோயில் பிள்ளையை இழந்த பெற்றோரிடம் உல்ரிகா கிரைக்பெர்ஸ் குழுவினர் கேட்டு 2004-இல் வெளியிட்ட கணக்கு இன்னும் நேரடியானது. பிள்ளையிடம் சாவைப் பற்றிப் பேசிய 147 பேரில் ஒருவர்கூட ஏன் பேசினோம் என்று வருந்தவில்லை. பேசாத 258 பேரில் 69 பேர் பேசாமல் போனோமே என்று வருந்தினார்கள். இது சாகும் பிள்ளைகளைப் பற்றியது, பாட்டியை இழந்த பிள்ளையைப் பற்றியது இல்லை, தெரியும். ஆனாலும் அந்த முதல் எண்ணைப் பார்த்த பிறகு, பேசினால் என்ன ஆகுமோ என்ற பயத்தை என்னால் பழையபடி மதிக்க முடியவில்லை.

தங்கை இப்போது ஒன்று செய்கிறாள். அழுகை வந்தால் பாப்பா முன்னாலேயே அழுகிறாள், அழுதுகொண்டே, "பாட்டி ஞாபகம் வந்துச்சு, அதான் அழறேன், கொஞ்ச நேரத்துல சரியாயிடும்" என்று சொல்லிவிடுகிறாள். கொஞ்ச நேரத்தில் எழுந்து வேலையைப் பார்க்கவும் செய்கிறாள். அம்மா அழுதால் உடைந்துபோய்விட மாட்டாள் என்று பாப்பாவுக்கு இப்படித்தான் தெரிய வேண்டும், வேறு வழியில் எப்படித் தெரியும்? கிளிப்பைப் பிடுங்கி வைக்கவில்லை. பார்க்கணும்போல இருந்தால் எழுப்பு, சேர்ந்தே பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறாள். எழுப்புகிறாள், ஆனால் முன்னைப்போல் அடிக்கடி இல்லை.

பெரியவன்

இத்தனையும் பாப்பாவைப் பற்றியே எழுதிவிட்டேன். அவள் அண்ணனுக்கு 11 வயது. அவன் எதுவும் கேட்கவே இல்லை. சமத்தாக இருக்கிறான், புரிந்துகொண்டான் என்று எல்லாரும் பாராட்டினார்கள். அந்தப் பாராட்டுதான் எனக்குப் பயம். பாஸ்டன் பகுதியில் வில்லியம் வோர்டனும் ஃபிலிஸ் சில்வர்மேனும் அப்பாவையோ அம்மாவையோ இழந்த 125 பிள்ளைகளை இரண்டு வருஷம் தொடர்ந்து கவனித்தார்கள். சாவு நடந்த சில மாதங்களில் சாதாரணமாகத் தெரிந்த பிள்ளைகளில் சிலருக்கு இரண்டாம் வருஷத்தில்தான் சிரமம் வெளியே வந்தது. அடங்கிவிட்டது என்று அக்கம்பக்கத்தினர் விசாரிப்பதையே நிறுத்தியிருக்கும் நேரம் அது.

அவனிடம் நான் கேள்வி எதுவும் கேட்கவில்லை. தங்கச்சி சளியைப் பற்றிக் கேட்டதையும் நான் சொன்னதையும் மட்டும் ஒரு நாள் வண்டியில் போகும்போது சொன்னேன். உனக்கும் ஏதாவது தோன்றினால் எப்போது வேண்டுமானாலும் கேள், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், தெரியாததைத் தெரியாது என்பேன் என்றேன். ம் என்றான். சில வாரம் கழித்து போனில் மெசேஜ் வந்தது: பாட்டிக்கு வந்த நோய் அம்மாவுக்கும் வருமா? அவனாகத் தேடிப் படித்திருக்கிறான், படித்ததில் பாதி புரியவில்லை, பயம் மட்டும் முழுசாகப் புரிந்திருக்கிறது. பெரும்பாலானவர்களுக்கு அது குடும்பத்தில் வருவதில்லை, சில குடும்பங்களில் வருவதுண்டு, நம் குடும்பம் எந்த வகை என்று எனக்குத் தெரியாது, டாக்டரிடம்தான் கேட்க வேண்டும் என்று பதில் போட்டேன். நானும் வரலாமா என்றான். தங்கையிடம் கேட்டேன். இந்த முறை அவள் யோசிக்கவே இல்லை, கூட்டிக்கொண்டு போகலாம் என்றாள். அடுத்த மாதம் மூன்று பேரும் போகிறோம். கேட்க வேண்டியதை நோட்டில் வரிசையாக எழுதி வைத்திருக்கிறான். முதல் கேள்வி அம்மாவைப் பற்றியது, இரண்டாவது என்னைப் பற்றியது.